கத்தி நிற்கணும், பென்சில் நடக்கணும்

மே 6, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா மிகவும் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். சீட்டில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்து அந்தம்மா அப்படியே அசந்துவிட்டார். "வைரக்கண்ணு, உங்களுக்குச் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும்தான் கண்டம். அந்த நேரத்துல என்ன செஞ்சீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாங்க" என்றார். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அந்த ஏழாம் வகுப்பையே மூன்று தடவை படித்ததால் நியாயமாகக் கணக்குப் பார்த்தால் ஒன்பது. என் எழுத்தைப் படிக்க ஒரு பெரிய டாக்டர் ஆசைப்படுகிறார் என்றால் சும்மாவா?

சீட்டில் 'குடிப்பழக்கம்' என்று எழுதியிருந்தது. அது தவறு. குடிக்குத்தான் என்னிடம் பழக்கம். விட மாட்டேன் என்று அது அழுதது, நான்தான் ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

மன்னார்குடியில் ஆட்டுக்கறி என்றால் வைரக்கண்ணு கடை. இப்போது கடைக்கும் ஓய்வு. இடது கட்டை விரலில் சின்னக் கீறல், ஒன்பது தையல். என் மனைவி செண்பகம் திருத்துறைப்பூண்டியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி. வலி நாலு மாதமாகத் தீரவில்லை. ஆகையால் நான் அக்கா வீட்டில் விருந்தாளி.

ஐந்து முதல் எட்டு வரை: அக்கா டீ கொடுத்தாள். அக்கா வீட்டு டம்ளர்கள் சரியில்லை. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் டீ தானாகவே சிந்துகிறது. வேட்டியெல்லாம் கறை.

மே 8, புதன்

அக்கா அமிர்தவல்லிக்கு ஒரே பெண், அகல்யா. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சித்திரம் போட்டாள் என்றால் ஆடு கத்தும். போன வருடம் அவள் வரைந்த ஆட்டை என் கடையில் மாட்டியிருந்தேன். ஒருவர் அதைக் காட்டி, இதிலேயே தொடைக்கறி ஒரு கிலோ போடுங்கள் என்றார்.

கும்பகோணத்து ஓவியக் கல்லூரியில் சேர அவளுக்கு ஆசை. அதற்கு ஒரு பரீட்சை உண்டு, ஜூன் 19. எழுதுகிற பரீட்சை இல்லை, வரைகிற பரீட்சை. கலியபெருமாள் அத்தான் சம்மதித்தார், ஆனால் அத்தான் சம்மதம் எப்படி இருக்கும்? அரிசி மில்லில் சூப்பர்வைசர். வருகிற நெல்லுக்கெல்லாம் ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்புகிற மனுஷன்.

"ஒரே தடவைதான். கெடைச்சா போ. கெடைக்கலன்னா அன்னிக்கே இந்தப் பென்சில் பேப்பரையெல்லாம் பரண்ல போட்டுட்டு பி.காம்ல சேரணும். என்னம்மா?" என்றார் நேற்றுச் சாப்பிடும்போது.

"சரிப்பா" என்றாள் பெண். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

இன்று சரியாக ஐந்து மணிக்கு ஒரு செருப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பென்சில்கள்.

"மாமா, ஒரு உதவி. தெனமும் எனக்குப் பென்சில் சீவிக் குடுக்கணும். சீவுறதுலயே எனக்குப் பொழுது போயிடுது. வரையவே முடியல."

"ஆட்டை உரிக்கிற கைக்குப் பென்சில் உரிக்கிறது ஒரு வேலையா? குடு இங்க."

"அவசரப்படாதீங்க. இது ஸ்கூல் பென்சில் மாதிரி இல்ல. முனை நீளமா இருக்கணும், லெட்டு இவ்ளோ வெளிய தெரியணும்" என்று சுண்டுவிரலின் முதல் கணுவைக் காட்டினாள். "அப்பத்தான் சாய்ச்சுப் பிடிச்சு நிழல் போட முடியும். எச்.பி. கெட்டி. 6பி இருக்கே, அது மெத்து. லேசா அமுத்துனாலே பொடிஞ்சிடும்."

பிளேடு கொடுத்தாள். சீவினேன். பன்னிரண்டில் மூன்று தேறின. மற்றதெல்லாம் முனை வரும்போதே ஒடிந்தது. பென்சில் கம்பெனிக்காரர்கள் மரத்தைக் காயவைக்காமல் செய்கிறார்கள். மூன்று ஏன் தேறின என்றால், அவை வெயிலில் இருந்திருக்கும்.

எட்டு மணி ஆனதே தெரியவில்லை.

மே 10, வெள்ளி

பிளேடு என்பது ஆதிகாலத்து முறை. உலகம் முன்னேறிவிட்டது. ஆகையால் கடைத்தெருவில் போய் விதவிதமாக ஐந்து பென்சில் துருவி வாங்கி வந்தேன்.

துருவியில் விட்டுத் திருகினால் மரம் பூப்போலச் சுருண்டு வருகிறது. அழகுதான். ஆனால் முனை கோழி மூக்கு மாதிரி குட்டையாக நிற்கிறது. 6பியை விட்டுத் திருகினேன். திருகத் திருக வந்தது. வெளியே எடுத்தால் முனை உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தோண்டி எடுக்க ஊசி, ஊசியை எடுக்க இன்னொரு ஊசி.

"கை ஒரே சீரா திரும்பணும் மாமா" என்றாள் அகல்யா.

"சீராத்தான் திரும்புது. இந்தத் துருவிதான் ஆடுது."

அவள் ஒடிந்ததை எல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பொறுமையான பெண். என் பக்கத்து ரத்தம்.

மே 13, திங்கள்

பக்கத்துத் தெரு குமாஸ்தா வீட்டிலிருந்து கைப்பிடி மெஷின் இரவல் வாங்கி வந்தேன். மேஜையில் திருகி மாட்டுகிற வகை. இதே மெஷினில்தான் ஒரு காலத்தில் கலெக்டருக்குப் பென்சில் சீவினார்களாம். குமாஸ்தா சொல்லவில்லை, மெஷினைப் பார்த்தாலே தெரிகிறது.

பென்சிலைச் சொருகினேன். கைப்பிடியைச் சுற்றினேன். என்ன சத்தம், என்ன வேகம்! ஒரு ராஜ மரியாதையோடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மாமா, போதும்."

"இரு பாப்பா, கம்பீரமா வருது."

"மாமா, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

எடுத்துப் பார்த்தால் பென்சில் பீடி நீளம் இருந்தது. அகல்யா அதைக் காதில் சொருகிக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கலெக்டர்களுக்கு மட்டுமே லாயக்கு.

மே 16, வியாழன்

நல்ல கத்தி ஒன்று இருந்தால் போதும், நான் யார் என்று காட்டிவிடுவேன். ஆனால் அக்கா வீட்டில் கத்தி எதுவும் கண்ணில் படவில்லை. என் கடைக் கத்திகளும் எங்கே இருக்கின்றன என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அரிவாள்மனை கூட பீரோவுக்கு மேலே ஏறியிருக்கிறது. கேட்டால், "எலித் தொல்லைடா" என்கிறாள். அரிவாள்மனையைத் தின்கிற எலி இந்த ஊரில் இருப்பது எனக்குத் தெரியாது.

மறுபடியும் பிளேடு. ஆறு தேறின. ஒரு காகிதத்தில் ரத்தம் சொட்டிவிட்டது, சும்மா ஒரு சொட்டு. அகல்யா அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடவில்லை. சொட்டைச் சுற்றிச் சேவல் ஒன்று வரைந்துவிட்டாள். சொட்டு கொண்டையாகிவிட்டது.

மே 22, புதன்

கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அத்தான் குரல் கேட்டது. அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது, மில் சத்தத்தில் பழகியவர்.

"பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்ல. ஒடைஞ்ச பென்சில வெச்சிக்கிட்டு இது என்ன வெளையாட்டு? கையில நடுக்கம் நிக்காதவன்கிட்ட போயி பிளேடக் குடுத்துக்கிட்டு! அவன் குடிய விட்டுருவான்னு நெனைக்கிறியா நீ?"

அகல்யா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. குழாயை நன்றாகத் திறந்துவிட்டேன். சத்தம் போதவில்லை. வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

மே 23, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை.

மே 24, வெள்ளி

நேற்று ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். பச்சை போர்டு போட்ட சர்க்கார் கடைக்குப் பக்கத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார். நண்பர் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து காத்திருந்தேன். வெறுமனே எப்படிக் காத்திருப்பது?

இன்று ஐந்து மணிக்கு அகல்யா டப்பாவோடு வந்தாள். அதில் எல்லாமே மழுங்கின பென்சில்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம்.

"நேத்து நான் வரையல மாமா."

"ஏன்?"

"பென்சில் இல்ல."

"இத்தன பென்சில் கெடக்குதே!"

"சீவினது இல்ல."

"அட, ஒரு நாளைக்கி நீயே சீவிக்க வேண்டியதுதானே பாப்பா? இன்னும் இருபத்தாறு நாள்தானே இருக்கு?"

"எனக்குச் சீவ வராது. நீங்க சீவித் தந்தா வரைவேன். வரலன்னா சும்மா உக்காந்திருப்பேன். அப்பறம் பி.காம்." சொல்லிவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கோபம் கிடையாது, கண்ணீர் கிடையாது. மழைக்கு நிற்கிற மாடு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பாவம், இவ்வளவு படம் போடுகிற பெண்ணுக்குப் பென்சில் சீவத் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. இனி அந்த நண்பரைப் பார்ப்பதாக இல்லை. நேரம் தவறுகிறவன் நண்பனே அல்ல.

எட்டரை வரை சீவினேன்.

மே 29, புதன்

இன்று நடந்ததைச் சரித்திரத்தில் எழுத வேண்டும். சரித்திரக்காரர்கள் இங்கே வராததால் நானே எழுதுகிறேன்.

அக்கா வாழைக்காய் நறுக்குவதற்காகப் பீரோ மேலிருந்து அரிவாள்மனையை இறக்கினாள். நான் தள்ளி உட்கார்ந்து பிளேடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு 6பி, மூன்றாம் தடவையாக முனை போனது. சலித்துப்போய் நிமிர்ந்தேன்.

அக்கா அரிவாள்மனையை ஒரு காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அரிவாள் ஆடவில்லை. வாழைக்காய்தான் போய்ப் போய் வந்தது. இரண்டு கையும் காயைப் பிடித்திருந்தன. தோல் அப்படியே நாடா நாடாவாக விழுந்தது.

எனக்கு மண்டையில் மணி அடித்தது. என் கடையில் நான் என்ன செய்கிறேன்? பெரிய துண்டை வெட்டுமரத்தில் வைத்துப் போடுவது வேறு. சின்னத் துண்டு நறுக்க வேண்டுமென்றால் கத்தியைக் கால் கட்டைவிரல் இடுக்கில் நட்டமாக நிறுத்தி, இரண்டு கையாலும் கறியை அதன்மேல் இழுப்பேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். கத்தி நிற்கும், கறி நடக்கும். இருபது வருடமாகச் செய்கிறேன். இந்தப் பென்சில் விஷயத்தில் மட்டும் பென்சிலை நிறுத்திவிட்டுக் கத்தியை நடக்கவிட்டிருக்கிறேனே!

"அக்கா, எந்திரி."

"எதுக்குடா?"

"எந்திரிங்கறேன்ல?"

"வைரம், வேணாம். வெரல் இப்பத்தான் ஆறியிருக்கு."

அகல்யா சொன்னாள்: "விடும்மா. மாமா பாத்துக்குவாங்க."

அரிவாள்மனையை மிதித்தேன். பென்சிலின் அடியை வலது கையால் பிடித்து, நுனிப்பக்கத்தை இடது கையால் தாங்கி, அரிவாளின் முகத்தில் சாய்த்து என் பக்கமாக இழுத்தேன். ஒரு சுருள். பென்சிலை ஒரு பங்கு உருட்டி மறுபடி இழுத்தேன். இன்னொரு சுருள். கை ஆடினாலும் இரண்டு கையும் சேர்ந்து ஆடியதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. மரம் சரிவாக இறங்கியது. லெட்டு வெளியே வந்தது. இன்னும் வந்தது. சுண்டுவிரல் கணு நீளம் வந்து நின்றது. கடைசியில் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு.

6பி! ஒடியவில்லை!

பெண் அதை வாங்கிச் சாய்த்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். காகிதத்தில் ஆடி மாதத்து மேகம் மாதிரி ஒரு கறுப்பு இறங்கியது. பன்னிரண்டு பென்சிலையும் முடித்தேன். பன்னிரண்டும் தேறின. தெருவே திரண்டு வந்து கை தட்டியது. சரி, எதிர்வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் படித்தார். மே 23 பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மே 29ஐ இரண்டு தடவை படித்தார். "இந்தப் பென்சிலைக் கொஞ்சம் சீவிக் காட்டுங்க" என்று தன் மேஜைப் பென்சிலைக் கொடுத்தார். அரிவாள்மனை இல்லாமல் ஒரு கலைஞன் என்ன செய்வான்? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "பரவாயில்லையே" என்றார். ஆஸ்பத்திரியில் கரண்ட் சீராக இருக்கிறது, விளக்கு துடிக்காததால் கையும் ஆடாமல் தெரிகிறது.

இப்போதெல்லாம் மூன்று மணிக்கே எனக்கு ஐந்து மணி ஞாபகம் வருகிறது. எச்.பிக்கு ஒரு சரிவு, 2பிக்கு ஒரு சரிவு, 6பிக்கு ஒரு சரிவு என்று வகுத்து வைத்திருக்கிறேன். அத்தான் இன்று மில்லிலிருந்து வந்ததும் டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல்லில் கடித்துப் பார்க்காததுதான் குறை. வைத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பி அனுப்பவில்லை.

ஜூன் 10, திங்கள்

அக்கா இன்று வடகம் பிழிந்துகொண்டே ஒரு பேச்சு வாக்கில் சொன்னாள்: "இவ எட்டாவது படிக்கறப்பலேர்ந்து எப்படிச் சீவுவா தெரியுமா! பிளேட எடுத்தான்னா ஊசி மாதிரி..." அகல்யா கண்ணைக் காட்டினாள் போலிருக்கிறது. அக்கா வடகத்துக்கு உப்புப் போதுமா என்று என்னைக் கேட்டாள்.

போதும் என்றேன். பெற்ற தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பொய் சொல்ல உரிமை உண்டு. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பென்சில் இன்று கொஞ்சம் நிதானமாகச் சீவினேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாளைக்குப் பரீட்சை.

காலையில் தலைக்குக் குளித்து, நான் சீவியதிலேயே சிறந்த பன்னிரண்டு பென்சிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு சரஸ்வதி கோயிலுக்குப் பஸ் ஏறினேன். பரீட்சைக்கு முன்னால் பேனாவை அம்மன் காலடியில் வைத்து எடுப்பது வழக்கம். பேனாவுக்கே அவ்வளவு மரியாதை என்றால் என் பென்சிலுக்கு எவ்வளவு?

குருக்கள் வாங்கி அம்மன் பாதத்தில் வைத்தார். பூ வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு குடும்பம், பையனின் பேனாவோடு நின்றிருந்தது. அந்தப் பையனின் அப்பா பென்சிலைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, எந்த மெஷின்ல சீவுனது?" என்றார். மெஷினா? அந்த வார்த்தையை நான் எப்படிப் பொறுப்பேன்? பென்சில் சுற்றிய துண்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எப்படி இழுப்பது என்று இரண்டு கையாலும் விளக்கினேன். அதே நேரம் குருக்கள் குங்குமம் நீட்டினார். கை நீட்டினேன். கக்கம் திறந்தது.

பன்னிரண்டும் கருங்கல் தரையில்.

பொறுக்கினேன். முனைகள்தான் போயிருந்தன. முனைதானே, சீவிவிடலாம் என்று வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்கு அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். சீவினேன். லெட்டு வெளியே வந்தது, வந்ததும் தானாகக் கழன்று விழுந்தது. இன்னும் சீவினேன். இன்னொரு துண்டு விழுந்தது. அடுத்த பென்சிலும் அப்படியே. எனக்குப் புரிந்துவிட்டது. லாரியில் அடிபட்ட ஆடு வருமே, தோல் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே எலும்பெல்லாம் நொறுங்கியிருக்கும். அதுதான் இது. மரம் முழுசு, உள்ளே லெட்டு துண்டு துண்டு.

பெண்ணின் பழைய பென்சிலெல்லாம் குட்டையாகி விரலில் நிற்காத அளவுக்குப் போய்விட்டன. கடைத்தெருவுக்கு ஓடினேன். எச்.பி. இருக்கிறது என்றார்கள். 6பி என்றால் அது என்ன பஸ் நம்பரா என்று கேட்டார்கள். நாலு கடை. ஐந்தாவது கடை எது என்று நிமிர்ந்து பார்த்தால் பச்சை போர்டு.

அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்து ஒருவன், "வைரண்ணே, என்ன ஆளையே காணும்?" என்றான்.

"6பி இருக்கா?" என்று கேட்டேன்.

"புது சரக்கா அண்ணே?"

திரும்பி வந்துவிட்டேன். அகல்யா வாசலில் நின்றிருந்தாள். நான் சாதாரணமாக எதையும் ஒரு கதையாக்கித்தான் சொல்வேன். இன்று கதை வரவில்லை.

"பாப்பா, எல்லாத்தையும் கீழ போட்டுட்டேன். பெருமை பேசப் போயி போட்டுட்டேன். ஒண்ணும் தேறாது."

அவள் என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்தாள். முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஏன் அத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு பென்சில் போயிருக்கிறது!

"அவ்ளோதானா மாமா? காலேஜ் வாசல்ல கடை இருக்கும். சீக்கிரமே போயி வாங்கிக்கலாம். அங்கேயே சீவிடலாம்."

"அரிவாள்மனை?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப யாராச்சும் வீட்டு அரிவாள்மனையத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று உள்ளே இருந்து அக்கா சத்தம் போட்டாள். "மூச்!"

ஜூன் 19, புதன்

கும்பகோணம். கல்லூரி வாசல். ஒன்பதரைக்குப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும் என்று வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் எட்டு மணிக்கே போய்விட்டோம். வாசலில் கடை இருந்தது, கடைக்காரர் இல்லை. அத்தானும் மில்லுக்கு லீவு போட்டு வந்திருந்தார். கடைப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைக்காரர் ஒன்பது மணிக்கு நிதானமாக வந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, அதன் பிறகு பென்சில் எடுத்தார். 6பி, 4பி, 2பி எல்லாம் புதுசு. ஒன்றுக்கும் முனை கிடையாது.

"அரை மணி நேரத்துல எப்படிடா?" என்றார் அத்தான்.

எதிரில் ஒரு அம்மாள் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். கையில் கத்தி. நல்ல கத்தி, நீளம், முதுகு கெட்டி.

"ஆத்தா, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடு."

"யாரக் குத்தப் போற?"

"பென்சில் சீவணும். புள்ளைக்குப் பரீட்சை."

"சீவிட்டு ஒடனே குடுத்துடணும். யேவாரம் கெடும்."

தண்ணீர் வாங்கிக் காலைக் கழுவினேன். நடைபாதைக் கல்லில் கத்தியை நாலு தேய்ப்புத் தேய்த்தேன். துண்டை விரித்து உட்கார்ந்து, வலது கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கத்தியின் பிடியைக் கொடுத்து நட்டமாக நிறுத்தினேன். இடது குதிகாலால் அணை. கூடியிருந்த பெற்றோரெல்லாம் நகர்ந்து நின்றார்கள்.

"ஐயோ, கால்ல கத்தி!" என்றாள் ஒரு அம்மாள்.

"கத்தி நிக்கணும்மா, பென்சில் நடக்கணும்" என்றேன்.

இழுத்தேன். கொய்யா வாசனையோடு சுருள் விழுந்தது. ஒன்று. இரண்டு. என் வாழ்க்கையில் ஆயிரம் கிடா பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட இத்தனை சாதுவாக என் கைக்கு வந்ததில்லை. ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து, "அங்கிள், எனக்கும் ஒண்ணு..." என்று நீட்டினான். அவன் பின்னால் இன்னொரு பெண். வரிசை நின்றுவிட்டது. ஐம்பது பேர். சரி, ஐந்து பேர். அவர்களுக்கும் சீவினேன். பரீட்சையில் போட்டிக்கு நிற்கிறவர்களுக்கே சீவித் தருகிறாயா என்று அத்தான் முழித்தார். பென்சில் கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் கொய்யாக்காரி வந்தாள். "ஆளு நிக்கிது, கத்தியக் குடு" என்று என் கால் இடுக்கிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பென்சிலில் ஐந்து பாக்கி. மணி ஒன்பது இருபது.

அகல்யா கடையில் பிளேடு வாங்கி இரண்டாக ஒடித்தாள். ஒரு பாதியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரக், சரக், சரக். நான் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அவள் ஒன்றைச் சீவி முடித்திருந்தாள். ஊசி மாதிரி. என் கண்ணெதிரிலேயே மூன்றை முடித்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஒரு மாதமாக நான் சீவுவதைப் பார்த்துப் பார்த்தே இத்தனை கற்றுக்கொண்டிருக்கிறாள்! என் ரத்தம் இல்லையா? நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதுகிறேன். இப்படியே இருக்கட்டும்.

மீதி இரண்டு, இரண்டும் 6பி. மற்ற பாதிப் பிளேடை என்னிடம் நீட்டினாள். "நீங்க சீவுங்க மாமா."

"அரிவாளும் இல்ல, கத்தியும் இல்ல..."

"சீவுங்க."

சீவினேன். பென்சிலை இடது கையில் நிறுத்தி, பிளேடை நடக்கவிட்டு, ஆதிகாலத்து முறையில். ஒன்று. இரண்டு. வாட்ச்மேன் கேட்டைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். அவள் பென்சில்களை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"மாமா, கையப் பாத்தீங்களா?"

"என்ன, ரத்தமா?"

"இல்ல. சும்மா பாருங்க."

ஓடிவிட்டாள். கையைப் பார்த்தேன். கைதான் இருந்தது. கூர்ந்து பார்த்தேன். அத்தானும் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அத்தான், "வாடா, டீ சாப்பிடலாம்" என்றார். இந்த ஆறு வாரத்தில் என்னை அவர் எதற்கும் கூப்பிட்டதில்லை. கும்பகோணத்தில் டம்ளரெல்லாம் நன்றாகச் செய்கிறார்கள்.

ஒரு மணிக்குப் பெண் வெளியே வந்தாள். கரி முழங்கை வரை.

"என்ன குடுத்தாங்க?"

"மொதல்ல ஒரு பானை, ஒரு துணி. அப்பறம் ஞாபகத்துலேர்ந்து ஒண்ணு. ஏதாவது ஒரு வேலை செய்யற மனுஷர வரையணும்."

"எங்க மில்ல வரைஞ்சியா?" என்றார் அத்தான்.

"வாசல்ல பாத்ததத்தான் வரைஞ்சேன். கால்ல கத்தி, ரெண்டு கையிலயும் பென்சில். பின்னாடி கொய்யாக் கூடை."

"தலையில முடி போட்டியா?" என்று கேட்டேன்.

"இருக்கறதப் போட்டேன்."

இதில் மட்டும் எனக்கு வருத்தம். பரீட்சைக்காகவாவது கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாம்.

ஜூலை 1, திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். அத்தான் காலையிலேயே கும்பகோணம் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். போனில் ஒன்றும் பேசவில்லை. "அப்பா? அப்பா?" என்று அகல்யா கத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஏழாவது பேரு நம்ம பேரு" என்றார்.

ஏழாவது என்பது அத்தான் கணக்கு. எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் முதலாவது என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்தவர் ஒரு நீளமான டப்பாவை அவளிடம் கொடுத்தார். எச்.பியிலிருந்து 8பி வரை முழு வரிசைப் பென்சில். கொடுக்கும்போது கண்ணில் ஈரம். பதினெட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கும். மில்லில் எடுக்க மாட்டார்கள்.

அக்கா ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அவிழ்த்தேன். என் கடைக் கத்திகள் நாலும். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள்.

"எலி போயிடுச்சா?" என்றேன்.

"போயிடுச்சுடா" என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. விடிவதற்கு முன்பே கூட்டம், தேரடி வரைக்கும் வரிசை. ஆடு போதாமல் போய்விட்டது என்று எழுதலாம். எழுதிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குத் திருத்துறைப்பூண்டி பஸ் வந்தது. செண்பகம் பையோடு இறங்கிக் கடை முன்னால் வந்து நின்றாள். யார் போன் செய்தார்கள் என்று கேட்கவில்லை. கடை ஓரமாக நின்ற அகல்யா தன் புதுப் பென்சிலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்த முழங்கா?" என்றாள். பிறகு, "ஆங், தேவல" என்றாள்.

நான் கறி நறுக்குவதைச் செண்பகம் அப்படியே நின்று பார்த்தாள். கத்தியைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ எல்லாம் முடியும்வரை. பிறகு பையை உள்ளே வைத்துவிட்டுத் தராசுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து முதல் எட்டு வரை: என் வீட்டில். அகல்யா டப்பாவோடு வந்திருந்தாள். பன்னிரண்டு சீவினேன், வெறும் பிளேடில். அவளும் எதிரில் உட்கார்ந்து பன்னிரண்டு சீவினாள். யாருடையது நன்றாக இருக்கிறது என்று செண்பகத்தைக் கேட்டோம். இரண்டையும் பார்த்துவிட்டு அகல்யாவுடையது என்றாள். ஆறு மாதம் ஊரில் இல்லாதவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது.

ஆறு மணிக்கு நானே டீ போட்டேன். டம்ளர் விளிம்பு வரை ஊற்றி, அடுக்களையிலிருந்து கூடம் கடந்து வாசல் வரை எடுத்துப்போய் செண்பகத்தின் கையில் கொடுத்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் நடந்து வந்த வழி முழுவதும் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

எங்கள் வீட்டு டம்ளர் எப்போதுமே நல்ல டம்ளர்.